லேசாக வந்த வெள்ளை

எங்கள் பள்ளிக்கூடத்துக் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், எங்கள் பேச்சில் போர்த் தண்ணீர். முல்லைப் பெரியாறு கூப்பிடு தூரத்தில்தான் ஓடுகிறது. எங்களுக்கு வாய்த்ததோ உப்புக் கரிக்கிற போர். அந்தத் தண்ணீரில் சோதனைக் குழாயைக் கழுவிவிட்டு எந்த உப்பைச் சோதித்தாலும் அதில் குளோரைடு இருக்கிற மாதிரியே காட்டும். சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டதும் லேசாக வெள்ளை கட்டும். உப்பில் குளோரைடே இருக்காது. தண்ணீரில் இருப்பது வந்து பல்லை இளிக்கும்.

வேதியியல் வாத்தியார் நான். என்ன செய்திருக்க வேண்டும்? கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும் என்று சண்டை போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வெறும் தண்ணீரில் ஒருமுறை, உப்புக் கரைசலில் ஒருமுறை என்று செய்து, இரண்டு குழாயையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவாவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நான் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். "லேசா வெள்ளையா வந்தா அது நம்ம ஊர்த் தண்ணி, கண்டுக்காதீக. தயிர் மாதிரி திரண்டு விழுந்தாத்தான் குளோரைடு" என்று வருடா வருடம் சொல்லிவந்தேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை.

ஒரு வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அப்பா குத்தகைக்குத் திராட்சைத் தோட்டம் பார்த்தார். அம்மா ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன்னே ஜீப்பில் கேரளாவுக்கு மலையேறினாள். அரசு வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் மேலே படிக்கலாம், கிடைக்காவிட்டால் அம்மாவோடு ஜீப். "எங்கப்பா முடிவாச் சொல்லிட்டாக சார்" என்றாள் ஒருநாள், ஏதோ மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரி. ஒன்றிரண்டு மதிப்பெண் குறைந்தாலும் அவளுக்குப் போச்சு என்று எனக்குத் தெரியும்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் சில்வர் நைட்ரேட் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. தலைமையாசிரியரிடம் போனேன். "இருக்கிறத வச்சு அட்ஜஸ்ட் பண்ணுங்க சார், ஒரு நாள் கூத்துதான" என்றார். அட்ஜஸ்ட் பண்ணினேன். பேட்டரிக் கடையில் விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, எல்லா மேசைக்கும் வருகிற மாதிரி பெருக்கிவைத்தேன். அது வேலை செய்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பார்க்கவில்லை. அதற்கும் நாலு சொட்டு செலவாகுமே என்ற நினைப்பு.

மறுநாள் அவளுக்கு வந்தது அம்மோனியம் குளோரைடு. எங்கள் ஆய்வகத்தில் அம்மோனியா வாடை வருகிற உப்பு அது ஒன்றுதான். மற்ற பிள்ளைகளாக இருந்தால் வாடை மூக்கில் ஏறியதுமே கண்ணை மூடிக்கொண்டு குளோரைடு என்று எழுதிவிடுவார்கள். போன வருடத்து அக்காமார் சொல்லிவைத்த ரகசியம் அது. இவள் சோதித்தாள். கந்தக அமிலம் ஊற்றிச் சூடாக்கிப் பார்த்தும் பிரயோஜனமில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் சூடாக்கியதில் எது யார் குழாய்ப் புகை என்றே தெரியாமல் அறை மண்டிக் கிடந்தது. மிச்சம் சில்வர் நைட்ரேட்தான். இரண்டு சொட்டு விட்டாள். லேசாக வெள்ளை கட்டியது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், இன்னும் இரண்டு சொட்டு விட்டாள், மறுபடி பார்த்தாள். மூன்றடி தள்ளி நான் நின்றுகொண்டிருந்தேன். குழாயைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு 'குளோரைடு இல்லை' என்று எழுதினாள். குளோரைடுக்குப் பதிலாக வேறு எதுவும் மற்ற சோதனைகளிலும் வராமல், விடையில் அம்மோனியம் என்று மட்டும் எழுதி மறுபாதியைக் காலியாகவே விட்டாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தாளைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்.

"வெள்ளை வீழ்படிவு வரலையாம்மா?"

"லேசாத்தான் சார் வந்துச்சு. லேசா வந்தா..." என்று ஆரம்பித்தவள் என்னைப் பார்த்தாள்.

அவரும் என் பக்கம் திரும்பினார். பாட்டிலில் தண்ணீர் கலந்தது நான், லேசாக வந்தால் விட்டுவிடச் சொன்னதும் நான். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் அவர் ஏதாவது வழி பார்த்திருப்பார். எனக்கு மெமோவும் விசாரணையும்தான் கண்ணுக்குள் ஓடின.

"கவனக்குறைவு சார். நல்லாப் படிக்கிற பிள்ளைதான், பதட்டத்துல விட்டுருச்சு" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு "ஆமா சார்" என்றாள். அவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

கல்லூரி இடங்கள் அவளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தீர்ந்துவிட்டன. அந்த விடை சரியாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது, நானும் கூட்டுவதை நிறுத்தவில்லை. அதே ஆய்வகத்தில் அதே போர்த் தண்ணீரில் இன்னமும் பாடம் நடத்துகிறேன். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிற எந்தப் பிள்ளையையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வாத்தியார் வேலைக்கே நான் லாயக்கில்லை என்று தோன்றுகிறது. அதை ராஜினாமாவாக எழுதிக்கொடுக்கிற தைரியமும் இல்லை.

போன மாதம் ஒரு விடியற்காலையில் கம்பம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். எதிரே தோட்டத்துக்குப் போகிற ஜீப் ஒன்று நின்றது. அதிலிருந்து இறங்கி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் தூக்குவாளியோடு அவள் என்னிடம் வந்தாள்.

"சார், நல்லா இருக்கீகளா? இங்கன என்ன சார்?"

பஸ்ஸுக்கு நிற்பதாகச் சொன்னேன். தூக்குவாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன் சார். அன்னைக்கு என்னால உங்களுக்குத்தான் கெட்ட பேரு. அந்த வெளியூரு சாருக்கு முன்னாடி எனக்காகப் பேசுனீக. மனசுல ஒண்ணும் வச்சுக்கிராதீக சார்."

ஜீப் உடனே கிளம்புகிற மாதிரி இல்லை. இன்னும் நாலு பேர் வர வேண்டியிருந்தது. யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை.

"பரவாயில்லைம்மா" என்றேன். "நான் அதை அன்னைக்கே மறந்துட்டேன்."