பதினோரு தடவை செத்த பிரமிளா அக்கா

"கொஞ்சம் நகரு பொண்ணு, என் மாலை கோணலா இருக்கு."

கையில் தேநீர் டம்ளரோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தவர், எட்டிச் சுவரில் இருந்த படத்தின் சந்தனச் சீவல் மாலையைச் சரிசெய்தார். படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நீங்களா இது?"

"நானேதான். ஹீரோவோட மொத சம்சாரம். மூணு பிள்ளைங்கள விட்டுட்டுப் போய்ச் சேர்ந்துட்டேன், பாவம்."

"நடிக்கவும் செய்வீங்களா?"

"செத்தவளுக்கு என்ன நடிப்பு? ஆணி அடிச்சு மாட்டினா வேலை முடிஞ்சுது. இது பதினோராவது சாவு. நீ யாரு, புதுசா?"

"கன்டின்யுட்டி. ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் எதுவும் மாறாம பார்த்துக்கிற வேலை."

"அப்ப நல்லா பார்த்து எழுதிக்கோ. மாலை இடது பக்கம் ரெண்டு விரல் கீழே. நாளைக்கு மாறிப்போச்சுன்னா, செத்தவ எழுந்து நடமாடுறான்னு ஊரே சிரிக்கும்."

மும்பை கோரேகாவ் படப்பிடிப்புத் தளங்களில் பிரமிளா அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. கல்யாணக் கூட்டத்தில் நிற்கும் துணை நடிகை. ஆனால் இரண்டாம் கல்யாணக் கதை என்றால், முதல் மனைவியாகச் சுவரில் தொங்க அவர் முகத்தைத்தான் கேட்பார்கள். பிளாஸ்டிக் உறையில் எப்போதும் தன் புகைப்படங்கள் இரண்டு வைத்திருப்பார். "காமெடின்னா பல்லு தெரியறது. அழுகைப் படம்னா வாய் மூடினது."

எங்கள் படம் காமெடி. மூன்று பிள்ளைகளோடு ஓர் அப்பா, இரண்டு பிள்ளைகளோடு ஓர் அம்மா, எல்லோருக்கும் ஒரே குளியலறை. கதாநாயகன் படத்தின் முன் நின்று, "நான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கட்டுமா?" என்று உருகுவான். ஒத்திகையில், காமிராவுக்குப் பின்னால் சமோசா தின்றபடி அக்கா பதில் சொல்வார்: "தாராளமா பண்ணிக்கோ. உன் ஈரத் துண்டைக் கட்டில்லேர்ந்து அவளும் கொஞ்ச நாள் எடுத்துப் போடட்டும்." கதாநாயகன் சிரித்துவிடுவான். மறுபடியும் முதலிலிருந்து.

சொந்த வீட்டில் அக்காதான் இரண்டாவது. மலாடில் இரண்டு அறைகள். ரயில்வே டிக்கெட் கவுன்டரில் வேலை பார்க்கும் கணவர் லலித், அவருடைய மகள் ரித்தி, அக்காவின் மகன் அங்கித். வெண்டைக்காய்கூட இரண்டு வாணலியில் வேகும். ரித்திக்கு மொறுமொறுப்பாக, அங்கித்துக்கு வெங்காயம் போட்டு. "ஒரே வீடு, ரெண்டு கட்சி, நான் சபாநாயகர்" என்பார். கூடத்தில் ரித்தியின் அம்மா படம் இருக்கிறது. தினமும் அதைத் துடைத்து மாலையை நேராக்குவது அக்காதான். ரித்தி தள்ளி நின்று பார்ப்பாள். மூன்று வருஷமாக அக்காவிடம் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பேசலைன்னா என்ன? டிபன் டப்பா காலியாத்தான் வருது" என்பார் அக்கா. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

கடைசி நாள் படப்பிடிப்பு. பள்ளிக்கு விடுமுறை, வீட்டில் ஆள் இல்லை என்று ரித்தியைக் கூட்டி வந்திருந்தார். அக்கா கல்யாணக் கூட்டத்தில் நிற்பார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். சுவரில் மாலையோடு அக்காவின் படத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றினாள்.

"ஏய் பாப்பா, எறங்கு! ஷாட்டுக்கு நேரமாச்சு, மாலையைக் குடு!" என்று கலை உதவியாளர் ஓடிவந்தார்.

ரித்தி அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "தர மாட்டேன். எங்க வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. இன்னொண்ணு வேணாம்."

அக்கா அவளை ஸ்டூலிலிருந்து இறக்கித் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். காமிராவை ஜன்னல் பக்கம் திருப்பி அந்தக் காட்சியை எடுத்து முடித்தார்கள்.

சாயங்காலம் அக்கா என்னிடம் வந்தார். அவர் தோளில் சாய்ந்தபடி ரித்தி சமோசா தின்றுகொண்டிருந்தாள்.

"துணை நடிகருங்க பட்டியல் உன்கிட்டதானே இருக்கு? என் பேருக்கு நேரா என்ன போட்டிருக்கு?"

"மறைந்த மனைவி."

"அதை அடிச்சிடு. இனிமே கல்யாணக் கூட்டத்துல கடைசி வரிசை கிடைச்சாலும் போதும். 'உயிரோட இருக்கா'ன்னு எழுதிக்கோ."

நான் தயங்கியதைப் பார்த்து, என் காதோரம் செருகியிருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, என் கையில் வைத்தார்.