மஞ்சள் பொட்டு வைத்த புரூஃப்

எங்கள் அக்காவின் கல்யாணப் பத்திரிகையைப் பிழை பார்த்தவர்களை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நகரியில் பெரிய மாமா பார்த்தார். புத்தூரில் அத்தை வீட்டில் பார்த்தார்கள். வெதுருகுப்பத்துச் சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சூளூர்பேட்டையில் சம்பந்தி வீட்டார் மொத்தமாகக் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். இத்தனை பேர் கையில் புரண்ட அந்தத் தாளில் அவரவர் பெயரைத் தவிர வேறு எதையும் ஒருவரும் பார்க்கவில்லை என்பதுதான் விசேஷம்.

அப்போது நான் விஜயபுரம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. அச்சாபீஸ் பார்க்க வேண்டும் என்று தரையில் புரண்டு அழுது, நைனாவோடு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், திருப்பதிக்குப் பஸ் ஏறிவிட்டேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த அச்சாபீஸ். அடேயப்பா! எழுத்துக்கள் எல்லாம் அரிசி பருப்பு மாதிரி அறை அறையாகக் கொட்டிக் கிடந்தன. எழுத்துக் கோக்கும் கம்போசிட்டர் யாரோடோ தெலுங்கில் பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல், ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எங்கள் நைனாவின் பெயரைக் கோத்தார். பெயர் தலைகீழாக, இடம் வலம் மாறி, யாருக்கும் புரியாத பாஷையாக இருந்தது. அதன்மேல் மை உருட்டி, ஒரு தாளை வைத்து அழுத்தி எடுத்தார். நைனா பெயர் நேராக நின்றது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அச்சில் வருகிறவர்கள் எல்லாம் ராஜாக்கள், சாமிகள், பாடப்புத்தகத்துப் பெரிய மனிதர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கடலைக்காய்க் கொல்லையில் கோவணத்தோடு நிற்கிற எங்கள் நைனாவும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டார்.

பத்திரிகை முழுக்கக் கோத்து அடித்த மெல்லிய தாளை அச்சாபீஸ்காரர் நைனா கையில் கொடுத்தார். அதன் பெயர் புரூஃப் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

“அண்ணா, இதுல இன்னா கீதோ அதுதான் அச்சுல வரும். இல்லாதது வராது. கல்யாணம் ஆனப்புறம் எங்கிட்ட வந்து சண்டை போடக் கூடாது. சரிகா சூஸ்கொனி, நல்லா பாத்து, கீழ சைன் பண்ணி எடுத்தாங்க” என்றார்.

அந்தத் தாளில் எது இருக்கிறதோ அது அப்படியே உலகத்தில் வந்துவிடும் என்று நான் புரிந்துகொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது நைனா சட்டைப்பைக்குள் சாமி இருப்பதுபோல, அவர் மேல் இடிக்காமல் உட்கார்ந்து வந்தேன்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பத்திரிகை வாசகத்தை முதலில் எழுதியவர் நைனாதான். அக்கா பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்ஸி. என்று பெரிதாக, மற்ற எழுத்தைவிடப் பெரிதாக எழுதினார். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து முடித்தவள் அக்கா. எங்கள் வகையறாவில் பெண் என்ன, ஆண்கூட அதுவரை பட்டம் வாங்கியதில்லை. ஆனால் சம்பந்தி வந்து, சோறு தின்று, வெற்றிலை போட்டுக்கொண்டு, மெதுவாக ஆரம்பித்தார். மாப்பிள்ளை பத்தாவதோடு நின்று ரைஸ் மில்லைப் பார்த்துக்கொள்கிறவர்.

“பொண்ணு படிச்சது எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனா பத்திரிகையில போட வாணாம். பையன் பேரு மொட்டையா கீது, பொண்ணு பேருக்கு வாலு கீதுன்னு எங்க பக்கம் பத்து பேரு பத்து விதமா பேசுவானுங்க.”

நைனா பேனாவை எடுத்து அந்த எழுத்துக்களை அடித்தார். அடித்த கையோடு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அக்கா அடுப்படியில் இருந்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. “அவங்க மனசு கோணிச்சுன்னா கல்யாணமே நின்னுபூடும்” என்று நைனா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

சரி, புரூஃபுக்கு வருகிறேன். முன்பு அத்தை கல்யாணத்தில் பெரிய மாமா பெயர் விட்டுப்போய், அவர் பந்தியில் கை நனைக்காமல் எழுந்து போன கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் இந்தத் தடவை நைனா ஒரு வழி கண்டுபிடித்தார். புரூஃபை உறவுக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் எடுத்துப் போவது, அவரவர் பெயரை அவரவர் பார்த்து, சரி என்றால் பக்கத்தில் மஞ்சள் குழைத்து ஒரு பொட்டு வைத்துவிடுவது. பொட்டு வைத்தவர் பிறகு வாய் திறக்க முடியாது. என்ன மூளை பாருங்கள்! பெரிய மாமா தன் பெயரை ஐந்து விரலாலும் தடவிப் பார்த்துவிட்டு, சந்தனக் கட்டை அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தார். சம்பந்தி தன் பெயருக்கும் மகன் பெயருக்கும் சேர்த்து வைத்தார். தாள் முழுக்க மஞ்சளாகி, வீட்டுக்குள் கொண்டு வந்தாலே கல்யாண வாசனை அடித்தது. கடைசியில் நைனா அடியில் கையெழுத்துப் போட்டு, சாமி படத்துக்கு முன்னால் பலகைமேல் வைத்தார்.

மறுநாள் காலையில் நைனா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார், திருப்பதி பஸ்ஸைப் பிடிக்க. அக்கா சாமி அறைக்குள் போய்ப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கையில் காலேஜுக்குக் கொண்டுபோன பேனா.

“அக்கா, இன்னா பண்றே?”

“எம் பேரு சரியா கீதான்னு பாக்கறேன்.”

“அப்ப நீயும் பொட்டு வெக்கணுமே?”

“எனக்கு யாருடி மஞ்சள் குடுத்தாங்க?” என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். அத்தனை பெயருக்கும் பொட்டு இருந்தது, அக்கா பெயருக்கு மட்டும் இல்லை. அவள் தன் பெயருக்குப் பக்கத்தில் குடிசைக் கூரை மாதிரி ஒரு சின்னக் குறி போட்டாள். ஓரத்தில் வெறும் இடம் பார்த்து, பி.எஸ்ஸி. என்று அழகாக எழுதினாள். காலேஜ் மலருக்கு அவள்தான் பிழை பார்த்தாளாம்.

“இது நொழைக்கிற குறி. இத்தப் பாத்தா கம்போசிட்டரு கை தானா அந்த எழுத்த எடுத்துக்கும்.”

“நைனா அடிப்பாருக்கா! கல்யாணம் நின்னுபூடும்னு சொன்னாரே.”

“நைனா கீழ கையெழுத்து போட்டாச்சு” என்றாள். குரல் கல் மாதிரி இருந்தது. பேனா மூடிதான் சரியாக மாட்டாமல் நழுவி நழுவிப் போனது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்ல! சாமி படத்தைப் பார்ப்பதா, அக்காவைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. நைனாவையும் சம்பந்தியையும் ரைஸ் மில்லையும் ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் அவள் ஒருத்தி ஒரு பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். என் ஜன்மத்தில் அவ்வளவு பெரிய ஆளை நான் பார்த்ததில்லை. நைனா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எல்லோரும்தான் பொட்டு வைத்தாகிவிட்டதே, அவர் பிரித்துப் பார்ப்பானேன்?

பத்திரிகைக் கட்டு வந்த அன்று சம்பந்தியும் தன் பங்கை வாங்கிப்போக வந்திருந்தார். நைனா கட்டைப் பிரித்தார். வீடே ‘ஆ’ என்றது. பொட்டு வைத்த ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டிப் பூ! கம்போசிட்டர், நாங்கள் வைத்த பொட்டையெல்லாம் பார்த்து, இந்த ஊர்க்காரர்களுக்குப் பெயருக்கு ஒரு பூ வேண்டும் போலிருக்கிறது என்று ஒன்று விடாமல் பூ அடித்து அனுப்பிவிட்டார். பெரிய மாமா வைத்த பொட்டு பெரிதல்லவா, அவருக்கு மட்டும் தாமரை.

“சூளூர்பேட்டையில இந்த மாதிரி ஒருத்தன் அடிச்சதில்லே!” என்று சம்பந்தி தன் பூவைத் தடவிப் பார்த்தார். மகன் பூவையும் பார்த்தார். அதற்கு அடுத்த வரியை அவர் பார்க்கவில்லை. கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று மத்தியானமே போய்விட்டார்.

சாயங்காலம் விளக்கேற்றியதும் அம்மா ஒரு பத்திரிகையைச் சாமிக்கு முன்னால் வைத்து, என்னை உட்கார வைத்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. “மொதல்லேர்ந்து ஒண்ணு வுடாம படிடீ, நான் கேக்கணும்” என்றாள். நான் பள்ளிக்கூடத்து ராகத்தில் உரக்கப் படித்தேன். மாப்பிள்ளை பெயர், பிறகு அக்கா பெயர், பிறகு பி.எஸ்ஸி.

“இன்னொரு தபா படி” என்றார் நைனா.

படித்தேன். நைனா பத்திரிகையைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

“எவன் பண்ண வேலை இது? அந்த அச்சாபீஸ்காரன...”

“நான்தான் எழுதினேன் நைனா” என்று அக்கா வாசற்படியில் நின்றபடி சொன்னாள். “படிச்சது நான்தானே. நீங்களே மொதல்ல எழுதினீங்களே.”

நைனா கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்று, தன் தலையிலேயே இறங்கியது. பாதிக் கட்டு அதற்குள் ரயில் ஏறிவிட்டது. மீதியையாவது திருத்தலாம் என்று மை புட்டியை எடுத்தார். அம்மா வந்தாளே ஒரு வேகம்! புட்டியைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்தாள். “கல்யாணப் பொண்ணு பேரு மேல கருப்பு மை பூசுவியா? உனக்குப் புத்தி கெட்டுப்பூச்சா?” என்றாள். அதற்குமேல் யாரும் சாப்பிடவில்லை.

அதன்பிறகு வீட்டில் ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் நைனா எழுந்து தெருவைப் பார்த்தார். கல்யாணத்தை நிறுத்தச் சூளூர்பேட்டையிலிருந்து பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. நான் அக்கா பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு படுத்தேன்.

பெரிய மனிதர்கள் வரவில்லை. ஒரு நாள் காலைப் பஸ்ஸில் மாப்பிள்ளையே தனியாக வந்து இறங்கினார். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு தாலி கட்டும்வரை மாப்பிள்ளை இந்தப் பக்கம் வரவே கூடாது. அவர் வந்து நின்றதும் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கதவுக்குப் பின்னால் போனாள். மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து, கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

“மாமா, பத்திரிகை மிச்சம் கீதா?”

நைனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எதுக்கு மாப்ளே?”

“எங்களுது பத்தல. நாயுடுபேட்டை வரிக்கும் போய் நானே ஒவ்வொரு வூடா குடுத்துக்கினு வந்துட்டேன். எல்லாம் ஆயிப்பூச்சு.”

நைனா கையைப் பிசைந்தார். மறைக்க மனசு வரவில்லை அவருக்கு. “மாப்ளே... அதுல ஒரு தப்பு வந்துட்சி. நீங்க பாக்கல போலகீது. பொண்ணு பேருக்குப் பக்கத்துல...”

“பாத்தேன் மாமா. மொதல்ல அதைத்தான் பாத்தேன்” என்றார் மாப்பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டார். “எங்க நைனா இன்னும் பாக்கல. அவரு பாக்கறதுக்குள்ள ஊரு பூரா குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாதில்ல? அதான் ஓடி ஓடிக் குடுத்தேன்.”

நைனா உள்ளே போய், மிச்சமிருந்த பத்திரிகையெல்லாம் வாரிக்கொண்டு வந்தார். பாதியில் துண்டால் கண்ணைத் துடைத்தார். தூசு விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

எனக்கு மாப்பிள்ளைமேல் இருந்த மரியாதையெல்லாம் அந்தக் கணமே போய்விட்டது. நைனாவே தப்பு என்கிறார், அதைக் கண்ணால் பார்த்த பிறகும் ஒரு மனிதர் வீடு வீடாகக் கொடுப்பாரா? போதாதென்று இன்னும் கொடு என்று கேட்கவும் வருவாரா? கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். இப்படி ஒரு அசடு வந்து வாய்த்ததே என்றுதான் அழுகிறாள், பாவம். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியே கேட்காமல் ரகசியமாகச் சொன்னேன்:

“வுடுக்கா. பிழை பாக்க நீ சொல்லிக் குடுத்தா கத்துக்குவாரு.”