அண்ணன் கேட்ட ஒரு துண்டு

என் அண்ணனுக்கு மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை. நான் தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தேன். பாலிமர் கரைசலில் மருந்தைக் கலந்து, சிரிஞ்சின் ஊசிமுனையில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால், அது தலைமுடியைவிட மெல்லிய இழைகளாகப் பறந்துபோய் எதிரே உள்ள தகட்டில் பாலேடு போலப் படியும். அதை உரித்துப் புண்ணின்மேல் வைத்தால் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாட்கள் இறங்கும். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால்புண்ணுக்காகத்தான் அதைச் செய்துகொண்டிருந்தோம்.

அண்ணனுக்கும் சர்க்கரை உண்டு. சம்பா நடவின்போது வலது காலில் ஏதோ குத்தியிருக்கிறது. மரத்துப்போன கால், அவர் கவனித்தபோது சீழ் பிடித்திருந்தது. தஞ்சாவூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு, கட்டுப்போட்ட காலோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ஏடு படிவதைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

“இதுல ஒரு துண்டு குடேன் பாப்பா. கால்ல ஒட்டிப் பாக்குறேன்.”

“முடியாதுண்ணே. இப்பதான் எலிக்குப் போட்டுப் பாத்திருக்கோம். மனுசங்களுக்குப் போட அனுமதி இல்ல.”

“எலிக்கு ஆறிச்சா?”

“ஆறிச்சு.”

“அப்ப நான் எலியாப் பொறந்திருக்கணும்” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். டாக்டர் சொன்னபடி ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னேன். “நடவு முடியட்டும்” என்றார். மறுநாள் எனக்கு ஒரு சோதனை இருந்தது. பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் கால் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. நான்காம் நாள் அண்ணன் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி கேட்டார், குரலில் கோபமே இல்லாமல்: “அன்னிக்கு அந்தத் துண்டக் குடுத்திருந்தா பொழச்சிருப்பாரா?”

காலுக்கு ரத்தம் போகும் குழாயே அடைபட்டிருந்தது, எந்த ஏடும் காப்பாற்றியிருக்காது என்று விளக்கினேன். அத்தனையும் உண்மை. அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“உனக்குத் தெரியாது. தங்கச்சி மருந்துக்கு அனுமதி வந்துரும், அதுவரைக்கும் பொறுத்துக்கலாம்னு சொல்லியேதான் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தாரு.”

அந்த இரண்டு வாரத்தில் அண்ணன் இரண்டு முறை போன் செய்திருந்தார். “அனுமதி வந்துச்சா பாப்பா?” என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்து, “வந்துக்கிட்டே இருக்குண்ணே” என்று சொன்னேன்.

அதை அண்ணியிடம் இதுவரை நான் சொல்லவில்லை.