பேரையூரிலிருந்து ஐந்தாவது ஊசிக்கு

காலை ஆறரை. பேரையூர் பேருந்து நிலையத்தில் திருமங்கலம் டவுன் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பேரையூருக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்க வருவதில்லை. நானும் அதற்கு வரவில்லை. என் மதினி பேச்சியம்மாளுக்குச் சினைப்பையில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். இது ஐந்தாவது தடவை. அண்ணன் ஆந்திராவில் முறுக்கு வியாபாரம் செய்கிறார். இந்த முறை அவரால் வர முடியவில்லை. அதனால் பெங்களூரிலிருந்து நான் வந்தேன். என் ஆய்வக வேலையும் புற்றுநோய் சம்பந்தப்பட்டது என்பதால் வீட்டில் எல்லோருக்கும் என்மேல் பெரிய நம்பிக்கை.

மதினிக்குக் கட்டணமில்லாப் பயணச்சீட்டு, எனக்கு இருபது ரூபாய். "பாத்தியா, பெங்களூர்க்காரருக்குத்தேன் செலவு" என்று மதினி சிரித்தார். தலையில் முடி இல்லை. முக்காட்டை இழுத்து விட்டிருந்தார். ஊரைத் தாண்டியதும் இருபுறமும் கரிசல், வெடித்து நிற்கும் பருத்தி. மாசி மாதத்துப் பனி இன்னும் விலகவில்லை.

"அந்தா தெரியுதுல்ல, நம்ம பிஞ்சை. முந்தாநா நாந்தேன் பருத்தி எடுத்தேன்."

"இந்த உடம்போடயா மதினி?"

"முன்னயெல்லாம் காய் ஓடு விரலக் கிழிச்சுப்புடும். இப்பக் குத்துறதே தெரியல. மருந்து கையை நல்லா உரமேத்தி விட்டுருச்சு."

பெருமையாக விரல்களை நீட்டிக் காட்டினார். நகங்கள் கறுத்திருந்தன. நுனியெல்லாம் கீறல், இரண்டில் ரத்தம் காய்ந்து போயிருந்தது. எனக்கு அப்போதே சுருக்கென்றது.

ஏழே முக்காலுக்குத் திருமங்கலம். பஸ்ஸிலிருந்து இறங்கி மதினி முன்னால் நடந்தார். பின்னால் இறங்கிய பூக்காரப் பெண் ஒருத்தி கூப்பிட்டாள்: "ஏத்தா, ஒத்தச் செருப்பு படியிலயே கெடக்கு பாரு." மதினி நின்று குனிந்து பார்த்துத்தான் இடது காலில் செருப்பில்லை என்பதைத் தெரிந்துகொண்டார். அதுவரை ஜல்லியின்மேல் வெறுங்காலோடு நடந்திருந்தார்.

மதுரை பெரியார் நிலையம் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்ததும் கேட்டேன். எத்தனை நாளாக மரத்துப்போயிருக்கிறது?

"ரெண்டாவது ஊசியிலருந்து. டாக்டர்கிட்ட சொல்லிப்புடாத தம்பி. சொன்னா மருந்த நிறுத்திப்புடுவாக. மருந்த நிறுத்திட்டா அம்புட்டுத்தேன்னு ஊருல எல்லாருக்கும் தெரியும்."

அவருக்குச் சொன்னதை வாசிப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய தண்டவாளங்கள் ஓடுகின்றன. அவற்றின்மேல் கைனசின் என்ற புரதங்கள் மனிதரைப் போல இரண்டு கால் வைத்து நடக்கின்றன, சுமையும் தூக்குகின்றன. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது சில கைனசின்கள்தாம் இரண்டு முனைகளையும் தள்ளி விலக்குகின்றன. மதினிக்கு ஏற்றும் மருந்து தண்டவாளத்தை அசையவிடாமல் இறுக்கிவிடும். புற்றுச் செல் பிரிய முடியாமல் பாதியில் நின்று சாகும். ஆனால் முதுகிலிருந்து கால்விரல் வரை நீளும் நரம்புக்குள்ளும் அதே தண்டவாளம்தான், அதே நடைதான். நீண்ட வழியில்தான் முதலில் சுமை வந்து சேராமல் போகும். அதனால்தான் பாதமும் விரலும் முதலில் மரத்துப்போகின்றன.

"நீ பண்ற மருந்தும் இதுதானா?"

"இல்ல மதினி. தண்டவாளத்த விட்டுட்டு, செல் பிரியும்போது மட்டும் வேலைக்கு வர்ற ஆளப் புடிக்கிற மருந்து. நரம்பு பிரியிறதில்ல. அதனால கால் தப்பிச்சுக்கும்."

"அப்ப அதயே குடுக்கச் சொல்லேன்."

திருப்பரங்குன்றம் மலை ஜன்னலில் வந்து, கடந்து போனது. நான் உண்மையைச் சொன்னேன். ஆய்வகத் தட்டில் அந்த மருந்து அருமையாக வேலை செய்கிறது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது போதவில்லை. கட்டி நிதானமாக வளர்வது, மருந்து இருக்கும் நேரத்தில் எல்லாச் செல்லும் பிரிவதில்லை. தவிர, ஒரு கைனசினைப் பிடித்தால் இன்னொன்று வந்து அதன் வேலையைப் பார்த்துவிடுகிறது.

"களையெடுக்க ஒருத்தி வரலைன்னா அடுத்தவ வந்து நிக்கிறாப்புல" என்றார் மதினி. அதற்குமேல் கேட்கவில்லை. நான் டாக்டரிடம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவும் இல்லை, சொல்வேன் என்றும் சொல்லவில்லை. மதுரையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போகும்போது என் மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. சொன்னால் மருந்து குறையும், சொல்லாவிட்டால் நடை போகும்.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். இளம் டாக்டர், பொறுமைசாலி.

"கை கால் மரத்துப்போகுதாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றார் மதினி, என்னைப் பார்க்காமல்.

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் ஒரு பஞ்சைக் கிள்ளி எடுத்தார். "கண்ண மூடிக்கங்க. எந்தக் கால்விரல்ல தொடுறேன்னு சொல்லுங்க."

மதினி கண்ணை இறுக மூடிக்கொண்டார். "பெருவிரலு" என்றார். டாக்டர் இன்னும் குனியவேயில்லை. பஞ்சு அவர் கையிலேயே இருந்தது. "இப்ப சுண்டுவிரலு. தெரியுது சார், நல்லாத் தெரியுது." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதைப் போல மதினி விரல் விரலாகச் சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் இருவரும் பேசாமல் இருப்பது உறைத்ததும் கண்ணைத் திறந்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மருந்தை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்தார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். சாயங்காலம் வரை சொட்டுச் சொட்டாக இறங்கியது.

திரும்பும்போது பஸ் கல்லுப்பட்டியில் நின்றது. அங்கே கூட்டம் இறங்கியபின் மதினி மெதுவாகக் கேட்டார்.

"மருந்தக் கொறச்சா காலுக்குள்ள அந்தாளுக மறுபடி நடப்பாகளா?"

"நடக்கும் மதினி. கொஞ்சங்கொஞ்சமா, மாசக்கணக்காகும்."

"அப்பக் கட்டிக்குள்ள இருக்குறவுகளும் நடப்பாகள்ல?"

டாக்டர் யோசித்துத்தான் குறைத்திருப்பார் என்று எதையோ சொன்னேன். மதினி "ம்" என்று வெளியே திரும்பிக்கொண்டார். பருத்திக்காடு இருட்டிவிட்டிருந்தது.

மறுநாள் காலை என்னை வழியனுப்ப வேண்டாம் என்று சொல்லியும் பேருந்து நிலையத்துக்கு வந்தார். பழைய சேலையைக் கிழித்துச் செருப்பைக் குதிகாலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

பெங்களூர் வந்ததும் ஆய்வகத்துக்குத்தான் போனேன். இங்கே சாலையெல்லாம் மரநிழல், குளிர்ந்த அறை, கால் வலிக்காத நாற்காலி. நான் ஊருக்குப் போகுமுன் மருந்திட்டு வைத்த தட்டை நுண்ணோக்கியில் பார்த்தேன். செல்கள் எல்லாம் பிரிய முடியாமல் உருண்டு நின்றிருந்தன. இதைப் பார்த்துத்தான் நாங்கள் சந்தோஷப்படுவோம். தட்டின் ஓரத்தில் ஒன்று மட்டும் மருந்துக்குத் தப்பி இரண்டாகப் பிரிந்து அருகருகே கிடந்தது.

அன்று மாலை மதினிக்குப் போன் செய்தேன். கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.