நான்கு வார்த்தைக்கு மேல் அனுப்பாதவர்

தேவாரத்திலிருந்து வந்த பஸ்சின் கண்டக்டர் படியில் நின்றபடியே சொன்னார்: "நம்ம ரேடியோக்கார அண்ணே போயிட்டாரு." நான்கே வார்த்தைகள். பெருமாள்சாமி அண்ணன் கேட்டிருந்தால், "'நம்ம' எதுக்கு? பாட்டரி வீண்" என்றிருப்பார்.

போடியில் ஜீப்பு ரிப்பேர் பார்த்தவர்; சர்க்கார் லைசென்ஸ் வாங்கி, ஓய்வு நேரத்தில் ரேடியோவில் ஊர் ஊராகச் சேதி பரிமாறியவர். அவரை அறிந்த உங்களுக்கு இது தெரியும். தெரியாதது ஒன்றுண்டு. என் மனைவி இந்த நினைவுமலரில் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டால் நல்லது.

மழையில் ரோடு இடிந்தால் மலையிலிருந்து சேதி சொல்ல ஒரு ரேடியோ வேண்டும் என்று ஏலத்தோட்டக்காரர் சங்கம் தீர்மானித்தது. காரியதரிசி நான். காதைத் திருகினால் பாட்டு வரும் என்பதற்கு மேல் ரேடியோவைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆகவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். நான் காட்டியது பளபளக்கும் தேக்குப் பெட்டி, பச்சை விளக்கு வேறு. அண்ணன் காட்டியது யுத்தத்தில் கழித்துப்போட்ட, பெயின்ட் உரிந்த இரும்புப் பெட்டி. அதை ஈரச்சாக்கில் சுற்றி, பொதிக்கழுதையின் முதுகில் கட்டி, மேட்டில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து, பேசவைத்துக் காட்டினார்.

"கழுதைக்கா அண்ணே ரேடியோ வாங்குறோம்?" என்றேன். சங்கமே சிரித்தது.

"ரோடு இடிஞ்சா ஜீப்பு நின்னுரும் தம்பி, கழுதை போகும். ஒன் பொட்டி கரண்டு இல்லாமப் பேசுமா?"

"மேலதான் கரண்டு எஞ்சின் இருக்கே!"

"எல்லாம் நல்லா இருக்கும்போது பேசுற பொட்டி எதுக்குய்யா?"

சங்கம் என் பெட்டியையே வாங்கியது. அண்ணன் தன்னுடையதை ஜீப்பு சீட்டுக்கடியில் தள்ளிவிட்டுப் போனார்.

அடுத்த மழைக்காலத்தில் எனக்குக் கல்யாணம். வயது முப்பத்தெட்டு, ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. பெண்ணுக்குச் சிலமலை ஊர். நான் ஓடிப்போனால் மணையில் உட்கார அவளுடைய மாமன் மகன் ஒருவர் தயாராக இருந்தார். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு, தேக்குப் பெட்டி மலைமேல் தோட்டத்தில் எப்படியிருக்கிறதென்று பார்க்க அண்ணனின் ஜீப்பில் ஏறினேன். உண்மையில், தோட்டத்தாரிடம் மாப்பிள்ளைக் களையைக் காட்டத்தான்.

நாங்கள் ஏறி முடித்ததும் ரோடு பின்னால் சரிந்தது. அடுத்த சரிவில் எஞ்சின் கொட்டகை மண்ணுக்குள் போனது. கரண்டு இல்லாத தேக்குப் பெட்டி மேஜையாயிற்று. அதன்மேல் வைத்துத்தான் கட்டன்சாயா குடித்தேன். அழுகை வந்தது.

அண்ணன் ஜீப்பு பாட்டரியைக் கழற்றி இரும்புப் பெட்டியில் மாட்டினார். ஏரியல் கம்பியைச் சவுக்கு மரத்தில் வீசினார். மதுரையில் அவருடைய கூட்டாளி ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்; சிலமலைக்குத் தந்தி கொடுப்பார். "வெரசாச் சொல்லு. பாட்டரி தாங்காது."

நான் தொண்டையைச் செருமினேன்: "மகாராஜராஜஸ்ரீ மாமனார் அவர்களுக்கு, அநேக நமஸ்காரம். இங்கே வருணபகவான்..."

"கல்யாணம் ஒனக்கா, கடுதாசிக்கா? நாலு வார்த்தை சொல்லு."

எனக்கு நான்கு வார்த்தை வரவில்லை. அண்ணன் காத்திருக்காமல் பெட்டியின் மோர்ஸ் சாவியைத் தட்டத் தொடங்கிவிட்டார். என்ன தட்டினீர்கள் என்றதற்கு, "போய்ச் சேரும், போ" என்றார்.

ஐந்தாம் நாள் ஒற்றையடிப் பாதை வழியாக, சேறும் அட்டைக்கடியுமாகச் சிலமலையில் போய் நின்றேன். பந்தலில் வாழை வாடியிருந்தது. மாமன் மகன் ஊருக்குத் திரும்பியிருந்தார். மணப்பெண் கையில் தந்தி: "உயிரோடு இருக்கிறார். ஓடவில்லை. காத்திருங்கள்."

"அம்புட்டு ஆபத்துலயும் காத்திருங்கன்னு சொல்லத் தோணுச்சே ஒங்களுக்கு!" இதை அவள் வருஷாவருஷம் கல்யாண நாளில் சொல்வாள். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். சாப்பிட வந்திருக்கும் அண்ணன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இன்னொரு வடையை எடுப்பார். ஒருநாள் வாசலில் கேட்டேவிட்டேன்: "ஏண்ணே நீங்க சொல்லிரலை?"

"சேதி போய்ச் சேந்துச்சுல்ல? யாரு தட்டுனா என்ன?"

இரும்புப் பெட்டி இன்று சங்கத்து அலமாரியில், அதே சாக்கோடு தயாராக இருக்கிறது. தேக்குப் பெட்டி என் வீட்டில். மேலே ஊறுகாய் ஜாடி. அண்ணனிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த வடை தின்னும் மௌனம்தான். அதையும் இன்றைக்கு உடைத்துவிடுகிறேன். இவ்வளவு தூரம் படித்துவிட்ட என் மனைவிக்கு, அண்ணன் அளந்துவைத்த அளவிலேயே:

தந்தி அவருடையது. கொடுத்துவைத்தவன் நான்.