மூக்கில்லாத பெருமாள்

ஓவியக் கல்லூரியில் படித்த காலத்தில், பழைய கற்சிலை ஒன்றில் அச்செடுத்து பிளாஸ்டரில் ஒரு பெருமாள் வார்த்தேன். மார்பளவுச் சிலை. கல்லில் மூக்கு உடைந்திருந்ததால் என் பெருமாளுக்கும் மூக்கு கிடையாது. துணியில் சுற்றி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, மடியிலேயே வைத்து, கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுவந்தேன். பெற்றவர்கள் என் கைவேலையைப் பார்த்து அசந்துபோவார்கள் என்று நினைப்பு.

அம்மா வேலையை எங்கே பார்த்தாள்? சாமி வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, இருட்டு மூலை மாடத்தில் ஏற்றி, கண்ணை இறுக மூடிக் கும்பிட்டாள். அப்பா மட்டும் முகத்தைத் தடவி, “மூக்கு எங்கடா?” என்று மெதுவாகக் கேட்டார். கல்லிலேயே இல்லை என்றேன்.

அன்றோடு வீட்டில் கருவாடு நின்றது.

நாள் முழுக்க அடுத்தவர் கழனியில் குனிந்து நிமிர்ந்து வரும் அப்பாவுக்குக் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. ரசத்தைப் பார்த்தாலே முகம் தொங்கிவிடும். மூன்றாவது வாரம் வழக்காடினார்.

“கண்ணு தெறந்தாத்தாம்மே சாமி. இது வெறும் பொம்ம.”

“கல்லுக்கு அப்பவே தெறந்துட்டாங்க. ஒம் புள்ள அத்த அப்புடியே இல்ல எடுத்தாந்துக்கிறான்!”

அப்பா என்னை முறைத்தார். நன்றாக வேலை செய்தது என் தப்பு.

அடுத்த சந்தை நாளில் வாளைக் கருவாட்டோடு வீட்டுக்கு வந்தவர், தலைத்துண்டை அவிழ்த்துப் பெருமாளின் கண்ணைக் கட்டினார். அம்மா மனமில்லாமல் குழம்பு வைத்தாள். சோறு போட வரும்போது மறுபடி சந்தேகம்.

“கண்ணத்தானய்யா கட்டிக்கிற? வாசன போவாதா?”

“மூக்கே இல்லாத சாமிக்கு இன்னா வாசன?”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா விளக்கை எடுத்துப்போய், துண்டை அவிழ்த்து, முதல்முறையாகச் சாமியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அய்யய்யோ, மூக்கு ஒடஞ்ச சாமி! பின்னமானத வூட்ல வெக்கக் கூடாது. ஏரில போட்டுட்டு வாய்யா.”

போட்டால் அப்பாவுக்கு ஆயுசுக்கும் கருவாடு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா குழம்புச் சட்டியைத் தள்ளி வைத்தார்.

“ரசமே ஊத்து. புள்ள செஞ்சது. எங்கயும் போவாது.”

 அம்மா அதே துண்டால் பெருமாளின் கண்ணையும் மூக்கில்லாத இடத்தையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு வந்து, அப்பாவின் தட்டில் கருவாட்டின் நடுத்துண்டத்தை வைத்தாள்.