வரம்பை வெட்ட வைத்த டிடெக்டர்

மீள்குடியேற்றக் காலத்தில் மன்னாரில் மிதிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தேன். முதல் நாளே தலையிடி. வெடியைக் கண்டுபிடிக்கும் பழைய டிடெக்டர்கள் பழுது. புதியவற்றைச் செய்யும் வெளிநாட்டின் அரசு அனுப்ப மறுத்தது. அவர்கள் சட்டப்படி டிடெக்டரும் இராணுவத் தளபாடமாம்! சண்டை நடந்த நாட்டுக்கு விற்பதென்றால், பயன்படுத்தும் இடத்தை அவர்களுடைய அதிகாரி இறங்கிப் பார்க்க வேண்டுமாம்.

உயிலங்குளத்தில் செல்லத்துரை அண்ணையின் வயல்தான் அந்த இடம். இந்திய அகதி முகாமிலிருந்து குடும்பத்தோடு திரும்பியவர். மழைக்கு முன் வெடி எடுக்காவிட்டால் விதைப்பு இல்லை, அந்த வருசம் சோறும் இல்லை. தினமும் கந்தோருக்கு வந்து என் முன்னால் கதிரையில் இருப்பார்.

"தம்பி, மிசின் வந்திட்டுதோ?"

"வரும் அண்ணை."

"உதைத்தானே நேற்றும் சொன்னனீங்கள்."

அதிகாரி ஒருவழியாக வந்தார். பக்கத்து வயலை ஒட்டிய, வெடி எடுத்துத் துப்புரவாக்கிய வரம்பில் நின்று, மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"வெடி இல்லையெண்டு உறுதி தந்தா இறங்குவாராம்."

"உறுதி தர டிடெக்டர் வேணும்" என்றேன்.

"இறங்கிப் பார்க்காம டிடெக்டர் தரேலாதாம்."

செல்லத்துரை அண்ணை வெடித்தார். "உவருக்கென்ன விசரோ? ஷெல் வரேக்க எந்த ஐயா வந்து என்ர வயலைப் பார்த்தவர்?" மொழிபெயர்ப்பாளர் அதை மட்டும் விட்டுவிட்டார்.

கடைசியில் அதிகாரியே வழி சொன்னார். வெடியில்லாத வயல் ஏதும் இருந்தால் காட்டட்டுமாம். பக்கத்து மரியதாஸின் வயலைப் பழைய டிடெக்டர்கள் பழுதாகுமுன்பே எங்கள் ஆட்கள் துப்புரவாக்கியிருந்தார்கள். அதில் இறங்கி நடந்து, படமும் எடுத்துப் போனார்.

டிடெக்டர்கள் வந்தன. கூடவே நிபந்தனை: பார்வையிட்ட வயலுக்குள் மட்டும் பயன்படுத்தலாம். வெடியே இல்லாத வயலில் எங்கள் ஆட்கள் நாள் முழுக்கத் தேடினார்கள்.

"வரம்பைத் தாண்டினா மிசினைப் பறிச்சிடுவாங்கள்" என்றார் எங்கள் மனேச்சர். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

செல்லத்துரை அண்ணை அதிகாரி நின்ற அந்த நடு வரம்பைப் பார்த்தார். பிறகு மரியதாஸிடம் போனார்.

"மச்சான், நடு வரம்பை வெட்டுவமோ? வெட்டினா ஒரே வயல்தானே."

"வெட்டு. அறுப்பு முடிஞ்சாப் பிறகு கட்டுவம்."

இருவருமாக மண்வெட்டியால் வரம்பை வெட்டிச் சமப்படுத்தினார்கள். மனேச்சர் பார்த்தார், சிரித்தார், "ஓம், இப்ப ஒரு வயல்தான்" என்றார். அன்றே மூன்று மிதிவெடி எடுத்தோம். சில நாளில் மிச்ச வயலும் துப்புரவாகி, மழைக்கு முன் விதைப்பு முடிந்தது.

வெடி எடுத்த விபரத்தை அனுப்பியதும் அதிகாரி பதறிப்போய் போன் எடுத்தாராம், தான் நடந்த வயலிலா வெடி கிடந்தது என்று. "ஓம் ஐயா, அதே வயல்தான்" என்று மொழிபெயர்ப்பாளரைச் சொல்லச் சொன்னேன்.

முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. அவர் ஒருநாள் பட்ட பயத்தோடுதானே செல்லத்துரை அண்ணை இவ்வளவு காலமும் அந்த வரம்பில் நின்றார். சட்டம் எழுதுகிறவர்களை முதலில் வயலில் இறக்க வேண்டும். அதுதான் நான் படித்த பாடம்.